விலை ஏறிய வீடு

அத்தியாயம் 9

திருட்டு நடந்த வீட்டில் என்ன காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். அஞ்சலையின் வீட்டிலோ என்ன புதிதாய் வந்திருக்கிறது என்று மீரா சாகிப் பார்க்க வேண்டியிருந்தது. புது கேட். போர்ச்சில் புது டைல்ஸ். வாசலுக்கு மேலே பகலிலும் கண்ணைக் கூசவைக்கும் புது விளக்கு.

மீரா சாகிப்புக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் பார்த்து, எல்லார் சொல்வதையும் சந்தேகப்பட்டுச் சலித்துப் போனவர். ஓய்வு பெற்றதும் நிம்மதியாக இருந்திருக்கலாம். மலேசியாவின் இந்தத் தீவு நகரத்தில், லிட்டில் இந்தியாவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தார். படி முப்பத்திரண்டு. முழங்கால் தினமும் அதை எண்ணிச் சொல்கிறது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, வெயில் கொஞ்சமும் குறையாத மூன்று மணிக்கு, ஜெலுத்தோங்கில் அந்த டெரஸ் வரிசை வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள் தனுஜா. அவருடைய உதவியாளர். ஐந்து வருடமாக அவருக்குக் கார் ஓட்டுகிறாள், அறிக்கை எழுதுகிறாள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

“வீடு வாங்க வந்திருக்கோமா, கேஸ் பாக்க வந்திருக்கோமா பாய்? வாங்கறதுன்னா இந்த கேட்டோட நின்னுக்கலாம். நம்ம வசதிக்கு அதுதான் கட்டும்.”

“வாய மூடிட்டு எறங்கு பிள்ள.”

அஞ்சலை கதவருகிலேயே காத்திருந்தாள். அறுபத்தேழு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கோளாறான பாகங்களைப் பொறுக்கி ஒதுக்கிய கண்கள். மூன்று வாரத்துக்கு முன்பு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்பதால் மெதுவாக நடந்தாள். பேச்சில் அந்த மெதுவெல்லாம் இல்லை.

“எனக்கு ரெண்டு பையன் பாய். பெரியவன் குணாளன் பெர்த்துல சுரங்க வேலை. கல்யாணம் வேணாம்னுட்டான். சின்னவன் அர்ஜுனன், செபராங் ஜெயாவுல பொண்டாட்டி சாந்தினியோட இருக்கான். ரெண்டு வாரமா பெரியவன் போன்ல பேசறதே இல்ல. மெசேஜ் மட்டும்தான். வீட்ட சரி பண்ணும்மா, வெல ஏறும், வித்துட்டு தம்பி வீட்டுக்குப் போயிடுன்னு.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?”

“நினைக்கறதுக்கு உங்கள எதுக்குக் கூப்பிடறேன்? அவன் திரும்பி வந்தா இருக்கணும்னுதான் இந்த வீட்ட வச்சிருக்கேன். அவனே விக்கச் சொன்னா வித்துடறேன், எனக்கு ஒண்ணுமில்ல. அவன் சொல்லலன்னா என்னை இங்கருந்து யாரும் கெளப்ப முடியாது. ஞாயித்துக்கெழம அர்ஜுனன் காடியோட வரான், என்னைக் கூட்டிட்டுப் போக. போனா திரும்பி வர மாட்டேன், அது எனக்குத் தெரியும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. இத என் பெரிய பையன் சொன்னானா, இல்லையா?”

போனை நீட்டினாள். தனுஜா வாங்கிப் பார்த்தாள்.

“நம்பர் அறுபதுல ஆரம்பிக்குதே அம்மா. இது நம்ம ஊர் நம்பராச்சே.”

“அவன் போன் ஒடஞ்சு போச்சாம். கூட்டாளியோட மலேசியா சிம்முனு எழுதியிருந்தான்.”

“பெர்த்துல உக்காந்துகிட்டு மலேசியா சிம்மு. நம்ம ஊர்லயே பாதி எடத்துல அது எடுக்காது.”

மீரா சாகிப் மெசேஜ்களை ஒன்றுவிடாமல் படித்தார். முதல் மெசேஜ், அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ‘முதல்ல சாமி ரூம காலி பண்ணுங்கம்மா. வீடு பாக்க வர்றவங்க எந்த மதமா இருந்தாலும் சங்கடப்படக் கூடாது.’ பிறகு சாம்பல் நிறத்தில் புது கேட். குளியலறைக்குப் புது டைல்ஸ். சமையலறைக்குப் புது கேபினட். வீட்டுக்கு விலை கூட்டும் வழிகளை யாரோ இணையத்தில் தேடிப் பிடித்து வரிசையாக அனுப்பியதைப் போல இருந்தது. கடைசியாக, போன செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு: ‘கிரே டைல்ஸ் கிடைக்கலன்னா வெள்ளையே போடச் சொல்லுங்க.’

“வீட்டச் சுத்திப் பாக்கலாமா அக்கா?”

சமையலறையில் பாதி கேபினட் மாட்டியாகிவிட்டது. கூடத்தில் கூரைவரை வெள்ளைச் சாயம். எல்லா அறையிலும் ஏதோ ஒரு வேலை நடந்திருந்தது, ஒன்றைத் தவிர. கூடத்தின் ஓரத்தில் சாமி அறை. கதவில் புதுப் பூட்டு. கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியே தனுஜா எட்டிப் பார்த்தாள்.

“உள்ள ஒண்ணுமில்ல பாய். செவுத்துல வெளக்குப் புகை அப்படியே இருக்கு. எண்ணெய்க் கறையும் இருக்கு. சாயமே அடிக்கல.”

“படங்க எங்க அக்கா?”

“அன்னிக்கு ராத்திரியே அர்ஜுனனும் சாந்தினியும் பெட்டியில கட்டி எடுத்துட்டுப் போய்ட்டாங்க. வெளக்கையும்தான். பாலிஷ் போடறேன்னு சொன்னா. பதிமூணு நாளா வெளக்கில்லாம இருக்கேன். கோயிலுக்குப் போலாம்னா டாக்டர் வெளிய போகக் கூடாதுன்னுட்டாராம்.” அஞ்சலை அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வீடு வீடாவே இல்ல பாய்.”

குளியலறையில் கான்ட்ராக்டர் சுலைமான் முழங்காலிட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை டைல்ஸ்.

“கிரே கேட்டதா சொன்னாங்களே அண்ணே?” என்று கேட்டார் மீரா சாகிப்.

“கேட்டாங்க. கடையில ஸ்டாக் முடிஞ்சிருச்சு. செவ்வாக்கெழம பதினோரு மணி இருக்கும், கடையில நின்னுகிட்டே அர்ஜுனனுக்கு போன் போட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு.”

“வேற யாருக்காவது சொன்னீங்களா? பெர்த்துக்கு?”

“பெர்த்தா? அது எந்த டைல்ஸ் கடைண்ணே?”

தனுஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மீரா சாகிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு அர்ஜுனனுக்கு மட்டும் தெரிந்த சேதி, இருபது நிமிடத்தில் குணாளன் பெயரில் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க முப்பது வருட அனுபவம் தேவையில்லை.

“சாமி ரூம எப்ப பண்ணப் போறீங்க?”

“அது என் லிஸ்ட்லயே இல்லையே. சும்மாதானே கெடக்கு, ஒரு கோட் சாயம் அடிச்சுடறேன்னேன். வேணாம், கதவையே தொறக்காதீங்கன்னுட்டாரு. நான் வேலைக்கு வந்தது வியாழக்கெழம. அதுக்கு நாலு நாள் முன்னாடியே அதப் பூட்டிட்டாங்க.”

காருக்குத் திரும்பியதும் தனுஜா ஏசியைக் கூட்டி வைத்தாள்.

“கேஸ் முடிஞ்சுதா பாய்? தம்பிதான் அண்ணன் பேர்ல மெசேஜ் அனுப்பறாரு. அம்மாவ கெளப்பி, வீட்ட வித்து, காச எடுத்துக்கப் பாக்கறாரு. அறிக்கைய இப்பவே எழுதிடட்டா? பேர மட்டும் மாத்தினா போதும், போன மாச கேஸேதான்.”

“அந்த ரூம் இடிக்குது. வேல லிஸ்ட்ல இல்லாத ரூம மொதல்ல காலி பண்ணி எதுக்குப் பூட்டணும்? உள்ளயும் ஒண்ணுமில்ல.”

“ஷாஹிரா அக்காகிட்ட கேப்போம்.” ஷாஹிரா இந்தத் தீவில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட். அர்ஜுனன் வேலை செய்யும் கடை அக்கரையில், ஜுருவில்; தனுஜா தீவிலிருந்து பாலத்தை நோக்கிக் காரை விட்டபடி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

இரண்டு நிமிடத்தில் ஷாஹிரா பதில் சொன்னாள். அந்த முகவரியில் எந்த வீடும் விற்பனைக்கு வரவில்லை. தனக்குத் தெரிந்த ஏஜெண்டுகள் யார் கையிலும் இல்லை.

“இன்னொண்ணு பாய். விக்கிற வீட்டுல யாரும் ரூமப் பூட்டி வைக்க மாட்டாங்க. பூட்டியிருந்தா வாங்க வர்றவன் உள்ள ஒழுகுது, கரையான் இருக்குன்னு நெனப்பான். வெல எறங்கிடும் லா. சமையல்கட்டு, பாத்ரூம், கேட்டு, இதெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காங்க. அந்த ரூம் மட்டும் எனக்குப் புரியல.”

பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. மீரா சாகிப் இருக்கையைச் சாய்த்து முழங்காலை நீட்டினார். பெற்றவளிடம் வீட்டைப் பிடுங்கப் பார்க்கும் பிள்ளைகள் அவருக்குப் புதிதில்லை. ஒவ்வொருவனும் ஒரு காரணம் வைத்திருப்பான், கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. இன்றைக்கும் ஒருவனுடைய காரணத்தைக் கேட்கத்தான் ஜுரு வரை போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது.

“தூங்கிடாதீங்க பாய். எழுப்பறதுக்கு எனக்கு அலவன்ஸ் கெடையாது.”

அர்ஜுனன் வேலை செய்வது ஜுருவில் ஒரு கார் உதிரிப்பாகக் கடை. போய்ச் சேர ஆறு மணி ஆகிவிட்டது. அவன் கவுண்டரில் நின்று ஒரு வாடிக்கையாளருக்கு பிரேக் பேட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதிருக்கும். இரண்டு வாரத் தாடி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மீரா சாகிப் பெயரையும் தொழிலையும் சொன்னதுமே, யார் அனுப்பியிருப்பார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அம்மாவா?”

“அம்மாதான். உக்காந்து பேசலாமா தம்பி?”

அந்த நேரம் கடை முதலாளியின் மனைவி வெள்ளிக்கிழமைப் பூசை முடித்து சூடத் தட்டோடு வந்தார். கணக்கெழுதும் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாடிக்கையாளர் திருநீறு எடுத்துக்கொண்டார். தட்டு தனுஜாவிடம் வந்தது, அவளும் எடுத்துக்கொண்டாள். மீரா சாகிப்பிடம் கூட அந்த அம்மாள் வழக்கத்தில் நீட்டிவிட்டு, தொப்பியைப் பார்த்ததும் சிரித்துத் தலையசைத்து நகர்ந்தார். அடுத்து நின்றவன் அர்ஜுனன். தட்டு அவனைத் தாண்டிப் போனது. அவனும் ஓரடி பின்னால் தள்ளி நின்றான். கடையில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மீரா சாகிப் கவனிக்கவில்லை. அவர் கேட்கப் போகும் கேள்வியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, உங்க அண்ணன் பேர்ல நீங்க அனுப்பின மெசேஜ்…”

“பாய், கொஞ்சம் இருங்க,” என்றாள் தனுஜா. அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. அர்ஜுனனின் தாடியைப் பார்த்தாள், கடைக்குள் போய்விட்ட தட்டைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கு எத்தனாவது நாள்ணே?”

அர்ஜுனன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான்.

“பதிமூணு.”

மீரா சாகிப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“தீட்டு பாய்,” என்றாள் தனுஜா. “எங்கள்ல ஒருத்தர் செத்துட்டா பதினாறு நாளைக்கு வீட்டுல வெளக்கேத்த மாட்டோம். சாமி ரூம் பக்கம் போக மாட்டோம். இவருக்குத் தீட்டுன்னா, அவங்க அம்மாவுக்கும்தான். அந்த அம்மாவுக்கு விஷயமே தெரியாது. தெரியாம தினமும் வெளக்கேத்திடுவாங்கன்னுதான் ரூமப் பூட்டியிருக்காங்க. வீடு விக்கிறது, டைல்ஸு, கேட்டு, எல்லாம் அந்தப் பூட்டுக்குச் சொன்ன சாக்கு.”

கடைக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அர்ஜுனன் அழுது முடித்தான். பிறகு அவனே சொன்னான்.

“அண்ணன் வேல முடிஞ்சு திரும்பற வழியில லாரி மோதிருச்சுண்ணே. ஞாயித்துக்கெழம காலையில போன் வந்துச்சு. அம்மா மொத நாள்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தாங்க. டென்ஷனே கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாரு. நான் எப்படிச் சொல்லுவேன்? சாயங்காலம் போனா வெளக்கேத்தி வச்சிட்டு, பெரியவன் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க. சாந்தினி பாத்துட்டு நடுங்கிட்டா.”

“அதனால?”

“ரூமப் பூட்டணும். நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. அண்ணன் சொன்னாதான் கேப்பாங்க. புது சிம் வாங்கினேன். விக்கிற வீட்டுல சாமி ரூம காலி பண்ணுவாங்கன்னு எங்கயோ படிச்சிருந்தேன், அத எழுதிட்டேன். அப்புறம் மத்த வேலை எதுவும் நடக்கலன்னா சந்தேகம் வருமே. அதான் கேட்ட மாத்தினேன். கேட்ட மாத்துனா போர்ச்சு நல்லால்ல. அப்புறம் பாத்ரூமு.” அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். “துக்கம் விசாரிக்க வர்றேன்னவங்களையெல்லாம் வீடு ஒடச்சுப் போட்டிருக்கு, வராதீங்கன்னு நிறுத்தி வச்சிருக்கேன். பெர்த்துலயே தகனம் பண்ணிட்டாங்க. நாளைக்கு அவரோட கூட்டாளி அஸ்தி கொண்டு வராரு. ஞாயித்துக்கெழம ஈப்போ சொந்தக்காரங்க வந்துருவாங்க, நேரா அம்மா வீட்டுக்குத்தான் போவாங்க. அதான் அம்மாவ அங்கருந்து கெளப்பப் பாத்தேன். திங்கக்கெழம பதினாறு. முடியட்டும்ணே. அப்புறமா சொல்லிடறேன்.”

மீரா சாகிப் வெட்கப்பட்டார். பாலத்தைத் தாண்டும்போதே இவனைப் பேராசைக்காரன் என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டிருந்தார். தப்புக் கணக்கு வயதானவர்களுக்கும் வரும்தான். ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி நினைக்கும் அளவுக்குச் சோர்ந்து போனவன் இந்தத் தொழிலில் இருக்கலாமா என்று அவருக்குத் தோன்றியது.

“டாக்டர்கிட்ட இதக் கேட்டீங்களா தம்பி? இப்படி நடந்திருக்கு, சொல்லலாமான்னு?”

அர்ஜுனன் இல்லையென்று தலையசைத்தான்.

“கேளுங்க. இப்பவே.”

டாக்டர் லைனில் வர இருபது நிமிடம் ஆனது. பேசியது மூன்று நிமிடம். மறைத்து வைப்பது நல்லதில்லை, உட்கார வைத்துச் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரை கையில் இருக்கட்டும், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அர்ஜுனன் மீரா சாகிப்பைப் பார்த்தான்.

“பயமா இருக்குண்ணே.”

“இருக்கும்,” என்றார் மீரா சாகிப்.

“பதினாறு அன்னிக்குப் பெத்தவங்க இல்லாம காரியம் பண்ணிட்டு, அப்புறம் அவங்க முகத்துல எப்படிண்ணே முழிப்பீங்க?” என்றாள் தனுஜா. “அதுக்குத்தான் எனக்கு பயமா இருக்கு.”

மூன்று பேரும் ஒரே காரில் பாலத்தைத் தாண்டினார்கள். தனுஜா வழி முழுக்க வாயே திறக்கவில்லை. ஐந்து வருடத்தில் அது முதல் தடவை. மீரா சாகிப்புக்கு அந்த அமைதி முழங்கால் வலியை விடக் கஷ்டமாக இருந்தது.

ஜெலுத்தோங்குக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அஞ்சலை போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காரிலிருந்து சின்ன மகனும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தனுஜா உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அர்ஜுனன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தான்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க பாய்,” என்றாள் அஞ்சலை.

“உங்க பெரிய பையன் சொல்லல அக்கா. மெசேஜ் எல்லாம் அர்ஜுனன் அனுப்பினதுதான்.”

அவள் அர்ஜுனனின் தாடையைத் தொட்டாள். தாடியை விரலால் ஒரு முறை தடவினாள். இருபத்தாறு வருடம் கோளாறு கண்டுபிடித்த கை அது.

“எப்போ?” என்று கேட்டாள்.

“நீங்க வீட்டுக்கு வந்த மறுநாள்மா. லாரி.”

அஞ்சலை குணாளன் என்று ஒரு முறை சொன்னாள். பிறகு குனிந்து அர்ஜுனனின் தலைமேல் முகத்தை வைத்து அழுதாள். சுலைமான் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். தனுஜா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மீரா சாகிப் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் உம்மா இறந்த நாளுக்குப் பிறகு இவ்வளவு பாரமாக அவருக்கு இருந்ததில்லை.

வெகுநேரம் கழித்து அஞ்சலை மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“பதினாறு எங்க பண்றதா இருந்த?”

“என் கூட்டாளி வீட்டுலம்மா.”

“இங்க பண்ணு. அவன் வீடு இது. ஈப்போகாரங்கள இங்கயே வரச் சொல்லு.”

“சரிம்மா. நீங்க எங்கயும் போக வேணாம். வீடு விக்கிறதெல்லாம் பொய்ம்மா, வாங்க ஆளே கெடையாது. நீங்க இங்கயே இருக்கலாம்.”

அஞ்சலை புது டைல்ஸைப் பார்த்தாள், புது கேட்டைப் பார்த்தாள்.

“இல்லய்யா. காரியம் முடியட்டும். அப்புறம் ஆள் பாரு.”

“எதுக்கும்மா?”

“வீட்ட வாங்கறதுக்கு. அவன் வருவான்னுதானே வச்சிருந்தேன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “நல்லாத்தான் பண்ணி வச்சிருக்க. நல்ல வெலைக்குப் போகும்.”